பாய்மரப் படகின் மின்னணுக் கருவிகளை நாமே திருத்துவது: மலையகத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலே இல்லாத ஹட்டனில் பாய்மரப் படகுக் கருவிகளைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

நம் தோட்டங்களிலிருந்து கீழே வேலைக்குப் போன பிள்ளைகள் கேட்கிறார்கள். திருகோணமலையிலும் காலியிலும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து நங்கூரமிடும். அவற்றைக் காவல் காப்பது, உரசி வர்ணம் பூசுவது, சமைப்பது என்று நம்மவர்கள் சிலர் அந்தத் தொழிலுக்குள் போயிருக்கிறார்கள். "செத்துப்போச்சு, வேணும்னா நீயே வச்சுக்க" என்று படகுக்காரர் கொடுத்த கருவி, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ துணிப்பையில் ஏறி மலைக்கு வந்துவிடும். காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் நுவரெலியா கிரகரி வாவியிலும் ஓடும் படகுகளிலும் பெட்டரி, வயர், பியூஸ் எல்லாம் அதே சங்கதிதான்.

நான் ஹட்டனில் ரேடியோ, டிவி திருத்துகிறவன். இந்தக் கருவிகளோடு திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, ரேடியோவுக்கு உயிரே இல்லை. கழற்றி ஊருக்கு அனுப்பவா?

இப்போது வேண்டாம் தம்பி. கழற்றாமல், இருந்த இடத்திலேயே முதலில் அளந்து பாருங்கள்.

இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். படகுக் கருவி வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் குற்றம் பெட்டிக்குள் இல்லை. பெட்டிக்கு வரும் வயரில், பியூஸ் பிடியில், சுவிட்சில், பச்சை பூத்த முனையில், மைனஸ் இணைப்பில் இருக்கும். கழற்றி அனுப்பினால் குற்றம் படகிலேயே தங்கிவிடும், பெட்டி மட்டும் மலை ஏறும். என் மேசையில் 13 வோல்ட் கொடுத்தால் அது ஒழுங்காகப் பேசும். திரும்பக் கொண்டுபோய் மாட்டினால் மறுபடியும் சாகும். பஸ் காசும் போய், நாளும் போய், "அவன் சரியா பாக்கல" என்ற பேச்சும் வரும்.

சரி, எப்படி அளப்பது? என்னிடம் சாதாரண மல்டிமீட்டர்தான் இருக்கிறது.

அது போதும். 12 வோல்ட் ஈய அமில பெட்டரியில் ஆரம்பியுங்கள். சார்ஜர், சோலார் எல்லாவற்றையும் நிறுத்தி, சில மணி நேரம் ஓய்வுவிட்டு அளந்தால், நிறைந்த பெட்டரி 12.7 வோல்ட் அளவில் நிற்கும். 12.2 என்றால் பாதி. 12.0க்குக் கீழே போய்விட்டால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம், பெட்டரிக்கு வயிறு காலி.

அடுத்தது கருவியின் பிளக்கில் அளப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் 12.5 காட்டும், "கரண்ட் நல்லா வருது" என்று நினைப்பார்கள். கரண்ட் ஓடாத வயரில் வோல்ட் இறக்கம் தெரியாது. ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருக்கும் வயர்கூட மீட்டருக்கு முழு வோல்ட்டையும் காட்டும். ஆகவே கருவி மாட்டியிருக்க, சுமை ஓடும்போதே அளக்க வேண்டும்.

படகுகள் ஒன்றோடொன்றும் கரையோடும் பேசப் பயன்படும் வி.எச்.எப். ரேடியோவை எடுத்துக்கொள்வோம். கேட்டுக்கொண்டிருக்கும்போது அது அரை அம்பியர் அளவுதான் இழுக்கும். 25 வாட்டில் பேசும் பொத்தானை அழுத்தினால் 5 முதல் 6 அம்பியர் வரை இழுக்கும். "கேட்குது, ஆனா பேச அழுத்தினா அணைஞ்சு திரும்ப எரியுது" என்று யாராவது சொன்னால், ரேடியோவைப் பார்க்காமலேயே வயரைப் பாருங்கள் என்பேன்.

அளக்கும் முறை இது. மீட்டரின் ஒரு முனை பெட்டரியின் பிளஸ் கம்பத்தில், மறுமுனை ரேடியோவின் பிளஸ் பின்னில். இப்போது ஒருவர், யாரும் பேசிக்கொண்டிருக்காத, பேச அனுமதியுள்ள சேனலில் ஒரு கணம் பொத்தானை அழுத்தட்டும். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதேபோல மைனஸ் பக்கமும். எந்தப் பக்கம் எண் பெரிதாக வருகிறதோ அந்தப் பக்கத்தைப் பாதியாகப் பிரித்து, பியூஸ் பிடி வரை, சுவிட்ச் வரை என்று ஒவ்வொரு துண்டாக அளந்துகொண்டு போனால், குற்றம் ஒரு சாண் இடத்துக்குள் வந்து நிற்கும்.

வயரின் பருமனையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டரியிலிருந்து ரேடியோ 10 மீட்டர் என்றால் போய்வர 20 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரின் தடை மீட்டருக்கு 0.012 ஓம் அளவு. 20 மீட்டருக்கு 0.24 ஓம். 5 அம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். பெட்டரியில் 12.2 இருந்தால் ரேடியோவுக்குக் கிடைப்பது 11தான். முக்கியமான கருவிகளுக்கு 3 சதவீதத்துக்கு மேல் இறக்கம் கூடாது என்பது படகு வயரிங்கில் பரவலாகப் பின்பற்றும் அளவு; 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். இந்தத் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால்தான் அதற்குள் வரும். பல படகுகளில் இதில் பாதிகூட இருக்காது.

வீட்டு வயரிங் வயரைப் படகில் போடலாமா?

கூடாது. ஒற்றைக் கம்பி வயர் படகின் அதிர்வில் முறிந்துவிடும். பல இழை வயர்தான் வேண்டும், அதிலும் வெள்ளீயம் பூசிய செப்பு இழை. பூச்சில்லாத செப்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். முனையை வெட்டிப் பார்த்தால் இன்னும் கறுப்பு, இன்னும் வெட்டினால் இன்னும் கறுப்பு.

முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, கிரிம்ப் அடிப்பதா?

ஈயம் வைத்துப் பழகிய கைக்கு இது கசப்பான பதில்தான்: கிரிம்ப், அதாவது உலோக முனையை வயரின் மேல் அழுத்தி இறுக்குவது. அமெரிக்காவில் படகுத் தரநிலைகளை வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பும், ஈயப் பற்று மட்டுமே வயரைத் தாங்கும் பிடியாக இருக்கக் கூடாது என்கிறது. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் குச்சி மாதிரி விறைக்க வைக்கும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில், அலையின் ஆட்டத்துக்கு இழை ஒவ்வொன்றாக அறும். நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்குகுழாய் போட்டு மூடுங்கள். குறடால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது.

அன்டனா கேபிளின் முனையில் வரும் பிஎல்-259 பிளக்குக்கும் போர்டுக்குள் செய்யும் வேலைக்கும் ஈயம்தான்.

பியூஸ் போடப் போட எரிகிறது. பெரிய பியூஸ் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். பியூஸ் காப்பாற்றுவது வயரை. பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரியப்போவது வயரும் படகும்.

கருவியின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதிய பியூஸ் போடுங்கள். அப்போதும் எரிந்தால் வயர் எங்கோ உரசி ஒன்றோடொன்று தொடுகிறது. எரியாவிட்டால் குற்றம் கருவிக்குள். இப்படி வரும் கருவி எனக்குச் சந்தோஷம் தரும், ஏனென்றால் பல கருவிகளில் வயர் நுழையும் இடத்திலேயே பிளஸ் மைனஸுக்குக் குறுக்கே ஒரு காவல் டயோடு இருக்கும். யாராவது வயரை மாற்றிக் கொடுத்தாலோ வோல்ட் எகிறினாலோ அந்த டயோடு தான் செத்து, பியூஸையும் எரித்து, பின்னாலிருக்கும் போர்டைக் காப்பாற்றிவிடும். அதே அளவுள்ள டயோடை மாற்றினால் கருவி பெரும்பாலும் எழுந்துகொள்ளும்.

உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. என்ன செய்வது?

உடனே கரண்டை அறுங்கள். உப்புத் தண்ணீரைவிட, உப்புத் தண்ணீரில் ஓடும் கரண்ட்தான் போர்டின் செப்புக் கோடுகளைத் தின்னும். பெட்டரி உள்ள கருவி என்றால் பெட்டரியைக் கழற்றுங்கள். பிறகு, காய்வதற்கு முன்பே கழுவ வேண்டும். உப்பு காய்ந்தால் அங்கேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, மாதக்கணக்கில் அரிக்கும்.

கழுவுவதற்குப் பெட்டரியில் ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது. பெட்ரோல் ஷெட்டில் கிடைக்கும். அதே அலமாரியில் பெட்டரி அமிலமும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். திரை, ஸ்பீக்கர், மைக் ஆகியவற்றைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, போர்டை அந்தத் தண்ணீரில் நன்றாக அலசி, மெல்லிய பல்துலக்கியால் இடுக்குகளைத் தேயுங்கள். பிறகு போன் திருத்தும் கடைகளில் ஐபிஏ என்று சொல்லி வாங்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை. அது மிச்சத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

கையில் பிடிக்கும் கருவிகளில் சின்ன அல்கலைன் பெட்டரி கசிந்து வெள்ளைப் பொடி பிடித்திருந்தால், அது காரம். பஞ்சில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்டுத் துடைத்தால் கரையும். அதன் பின் காய்ச்சி வடித்த தண்ணீரால் துடைக்காமல் விட்டால் அந்தப் புளிப்பே அரிக்கத் தொடங்கும்.

அரிசிக்குள் போட்டு வைக்கலாமா?

அரிசியைச் சோறாக்குங்கள். உப்பை அது எடுக்காது, தூசியை மட்டும் உள்ளே அனுப்பும்.

மழைக்காலத்தில் இங்கே துணியே காயாது. போர்டு எப்படிக் காயும்?

மே முதல் செப்டெம்பர் வரையான மழையிலும் மூடுபனியிலும் காற்றில் காய வைப்பது வீண்தான். ஒரு மரப்பெட்டியில் மேலும் கீழும் துளை போட்டு, அடியில் பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, போர்டை மேலே ஒரு கம்பி வலையில் வையுங்கள். கையை உள்ளே விட்டால் சூடு தாங்கும்படி, 50 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தால் போதும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். தொழிற்சாலையில் தெரிந்தவர் இருக்கிறார் என்று கொழுந்து காய்ச்சும் டிரையர் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அங்கே வரும் காற்று பிளாஸ்டிக்கை வளைத்துவிடும்.

காலியில் நன்றாக இருந்த கருவி, நுவரெலியாவுக்கு வந்ததும் கண்ணாடிக்கு உள்ளே ஆவி பிடித்திருக்கிறது. தண்ணீர் போய்விட்டதா?

போகாமலும் இருக்கலாம். கடற்கரையில் 30 பாகைக் காற்று ஒரு கன மீட்டரில் 30 கிராம் வரை நீராவியைத் தாங்கும். நுவரெலியாவின் 12 பாகை இரவில் அதே அளவு காற்று 11 கிராம்கூடத் தாங்காது. பெட்டிக்குள் அடைபட்டு வந்த கரையோரக் காற்று, குளிர்ந்ததும் மிச்சத்தைக் கண்ணாடியில் இறக்கிவிடுகிறது. வந்ததும் வராததுமாகக் கருவியைப் போடாமல், பைக்குள்ளேயே வைத்து அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள். உள்ளே சொட்டாகத் தண்ணீர் ஓடினாலோ உப்புக் கோடு தெரிந்தாலோ அது கசிவு.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கடல் மட்டத்தில் 1010 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கும் காற்றழுத்தம், 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 810 அளவில்தான் இருக்கும். இந்த வித்தியாசம் 2 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். மலை ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று பழைய ரப்பர் வளையங்களைத் தள்ளி வெளியே வரும். இறங்கும்போது பெட்டி வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். ஆகவே இங்கே திறந்து மூடிய கருவியைக் கரையில் மாட்டும் முன்பு, காய்ந்த இடத்தில் மூடியை ஒருமுறை தளர்த்தி, காற்றைச் சமப்படுத்தி, வளையத்துக்குச் சிலிக்கன் கிரீஸ் தடவி மறுபடி மூடுங்கள். இல்லாவிட்டால் முதல் அலை படும்போது காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும்.

படகிலிருந்து கொண்டுவந்த காற்றழுத்தமானி "புயல்" என்று காட்டுகிறதே?

அது சரியாகத்தான் காட்டுகிறது. ஹட்டனில் அழுத்தம் 870 ஹெக்டோபாஸ்கல் அளவு. கடலில் அப்படி ஒரு எண் வந்தால் உலகத்தின் மிகக் கொடிய சூறாவளிக்குள் நிற்கிறீர்கள் என்று பொருள். பின்னாலிருக்கும் திருகைத் தயவுசெய்து தொடாதீர்கள். இங்கே 1010க்குத் திருகிவைத்தால் கடலில் அது பொய் சொல்லும், அதை நம்பி ஒருவர் பாய் விரிப்பார்.

ஜிபிஎஸ் தேதியை இருபது வருஷம் பின்னால் காட்டுகிறது. ஆனால் இடம் சரியாக இருக்கிறது. எந்தப் பாகம் போயிருக்கும்?

எந்தப் பாகமும் போகவில்லை. ஜிபிஎஸ் செய்மதிகள் வாரத்தை 10 பிட் எண்ணால் அனுப்பின. அதில் 1,024 வாரங்கள்தான் அடங்கும். அதன் பிறகு எண் சுழியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். பழைய கருவியின் மென்பொருள் இதை எதிர்பார்க்காவிட்டால் தேதி 7,168 நாள் பின்னுக்குப் போகும், கிட்டத்தட்ட 19 வருஷமும் ஏழரை மாதமும். மணியும் இடமும் சரியாகவே இருக்கும். தயாரித்தவர்கள் புதிய மென்பொருள் வெளியிட்டிருந்தால் ஏற்றலாம். இல்லையென்றால் திருத்த வழியில்லை. வழி பார்க்க வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தேதியை நம்பிக் கணக்கிடும் வற்றுப்பெருக்கு நேரங்களை நம்பக் கூடாது.

ஜிபிஎஸ் "தேடுகிறேன், தேடுகிறேன்" என்றே நிற்கிறது.

எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள்? லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே செய்மதி கிடைக்காது. தேயிலை மலையில் வானம் விரிந்து தெரியும் மேட்டுக்குக் கொண்டுபோங்கள். நெடுநாள் அணைந்திருந்த கருவி செய்மதிகளின் முழு அட்டவணையையும் புதிதாக இறக்க வேண்டும். அதற்கு மட்டும் 12.5 நிமிடம் ஆகும். அரை மணி பொறுங்கள்.

ஒவ்வொரு முறையும் அணைத்துப் போடும்போது எல்லாம் மறந்துபோனால், உள்ளே நினைவைக் காக்கும் 3 வோல்ட் காசு பெட்டரி தீர்ந்திருக்கும். காது வைத்த பெட்டரியாக வாங்கி மாற்றுங்கள். வெறும் பெட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைத்தால் வெடிக்கலாம்.

திருத்திய வி.எச்.எப். ரேடியோவை இங்கிருந்தே பேசிச் சோதிக்கலாமா?

அன்டனா மாட்டிப் பேசக் கூடாது. இதை மலையகத்தவர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வி.எச்.எப். கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பாய்மர உச்சியில் 15 மீட்டர் உயரத்தில் அன்டனா வைத்த இரண்டு படகுகள் 30 கிலோமீட்டர் சொச்சத்துக்குள்தான் பேச முடியும். ஆனால் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் அப்புத்தளையின் தெற்கு விளிம்பில் நின்றால், ரேடியோ அலைக்கு அடிவானம் 150 கிலோமீட்டருக்கு அப்பால். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து தெற்குக் கரையைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே நின்று 25 வாட்டில் சேனல் 16ஐ அழுத்தினால், தேவேந்திரமுனையைச் சுற்றிப் போகும் சர்வதேசக் கப்பல் பாதை வரை உங்கள் குரல் கேட்கலாம். 156.8 மெகாஹெர்ட்ஸ் என்ற அந்தச் சேனல் ஆபத்தில் கூப்பிடுவதற்கானது. யாரோ மூழ்கிக்கொண்டு கூப்பிடும் நேரத்தில் உங்கள் "ஹலோ, செக்" அதன் மேல் விழக்கூடும். சட்டமும் இருக்கிறது: அனுப்பும் ரேடியோவுக்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

மேசையில் சோதிக்க 50 ஓம் டம்மி லோட் மாட்டுங்கள். ரேடியோவின் சக்தியை வெளியே விடாமல் சூடாக விழுங்கிவிடும். நடுவில் ஒரு வாட் மீட்டர் வைத்தால் 25 வாட் வருகிறதா என்று தெரியும், கரண்ட் 5 அம்பியருக்குப் போகிறதா என்றும் பார்க்கலாம். அன்டனாவும் இல்லாமல் லோடும் இல்லாமல் அழுத்தினால் ரேடியோவின் கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும்.

"நீயே வச்சுக்க" என்று கிடைத்த ரேடியோ என்றால் இன்னொன்று: அதில் பழைய படகின் அடையாளமான 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண் பதிந்திருக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அந்தப் படகு ஆபத்தில் இருப்பதாகத்தான் செய்தி போகும். இலங்கைப் படகின் எண் 417இல் தொடங்கும். பெரும்பாலான ரேடியோக்களில் பாவனையாளர் இந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது, தயாரிப்பாளரின் முகவர்தான் அழித்துத் தர வேண்டும். வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

அன்டனாவை மீட்டரில் பார்த்தால் நடுக்கம்பியும் வெளிக்கூடும் ஷார்ட் என்று காட்டுகிறது. போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். பாய்மர உச்சியில் போடும் பல அன்டனாக்களின் அடியில் ஒரு சுருள் இருக்கும். மீட்டருக்கு அது ஷார்ட், வி.எச்.எப். அலைக்கு அப்படி இல்லை. அன்டனாவைக் கழற்றிவிட்டுக் கேபிளை மட்டும் அளந்து, அப்போதும் ஷார்ட் என்றால் கேபிளோ பிளக்கோ கெட்டிருக்கிறது.

இரவில் மட்டும் ரேடியோ சரியாகக் கேட்பதில்லை. சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரையில் கப்பல்களும் குறைகின்றன.

உச்சி விளக்கை அணைத்துப் பாருங்கள். மலிவான எல்இடி விளக்குகளுக்குள் இருக்கும் மின்சுற்று, வி.எச்.எப். அலைவரிசையில் இரைச்சல் கொட்டும். அன்டனாவும் விளக்கும் ஒரே கம்பத்து உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அது நேரே உள்ளே போகும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. அமைதியான ஒரு சேனலில் ஸ்குவெல்ச் திருகை இரைச்சல் அடங்கும் விளிம்பில் நிறுத்தி, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் எழுகிறதோ அதுதான் திருடன்.

காற்றுமானி, ஆழமானி, ஜிபிஎஸ் எல்லாம் ஒரே நேரத்தில் திரையிலிருந்து மறைந்துவிட்டன.

எல்லாம் ஒரே நாளில் சாகாது. பொதுவான கேபிளைப் பாருங்கள். புதிய படகுகளில் என்எம்இஏ 2000 என்ற ஒரே முதுகுக் கேபிளில் எல்லாக் கருவியும் கிளைகளாக மாட்டியிருக்கும். அதன் இரண்டு நுனியிலும் 120 ஓம் முடிப்பான் ஒவ்வொன்று இருக்க வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டு, ஒரு பிளக்கில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே அளங்கள். 60 ஓம் வந்தால் சரி. 120 வந்தால் ஒரு முடிப்பான் இல்லை அல்லது கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. சுழியம் பக்கத்தில் என்றால் எங்கோ ஷார்ட். 40 என்றால் யாரோ மூன்றாவது முடிப்பானையும் மாட்டியிருக்கிறார்கள். 60 ஓம் சரியாக வந்தும் திரை காலி என்றால், அதே கேபிளின் சிவப்பிலும் கறுப்பிலும் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கெட்ட ஒன்று எல்லோரையும் பேசவிடாமல் பிடித்திருக்கும்.

பழைய என்எம்இஏ 0183 என்றால் இரண்டு வயர் சங்கதி. பொதுவாக நொடிக்கு 4,800 பிட் வேகம், ஏஐஎஸ்ஸுக்கு 38,400. வேகம் பொருந்தாவிட்டால் வயர் சரியாக இருந்தும் ஒன்றும் வராது. மடிக்கணினியில் யுஎஸ்பி சீரியல் வயர் மாட்டிப் பார்த்தால், டாலர் குறியில், ஏஐஎஸ் என்றால் ஆச்சரியக்குறியில், தொடங்கும் வரிகள் ஓட வேண்டும்.

ஆழமானி வெறும் கோடுகளைக் காட்டுகிறது.

மேசையில் வைத்தா? காற்றில் அது கோடுதான் காட்டும். காசல்ரீயில் ஒரு படகின் ஓரமாகத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். நன்னீரில் ஒலி கொஞ்சம் மெதுவாகப் போவதால் ஆழம் சிறிது கூடுதலாகக் காட்டலாம், அது பழுது அல்ல. படகிலேயே கோடு காட்டினால், அடியில் உணரியின் முகத்தைப் பாருங்கள். சிப்பி ஒட்டியிருக்கும், அல்லது அடிக்குப் பூசும் வர்ணத்தைத் தடிப்பாக அதன் மேலும் பூசியிருப்பார்கள். மரத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். தின்னர் பட்டால் அந்த முகத்தில் வெடிப்பு விழும்.

தானியங்கிச் சுக்கான் வழி தவறுகிறது. கணினிப் பெட்டியைத் திறக்கவா?

முதலில் அதன் திசையுணரிக்குப் பக்கத்தில் புதிதாக யார் என்ன வைத்தார்கள் என்று கேளுங்கள். இரும்புச் சட்டி, ஸ்பனர் பெட்டி, ஸ்பீக்கர் எதுவானாலும் திசை கெடும்.

உதிரிப் பாகம் எங்கே வாங்குவது?

கெப்பாசிட்டர், டயோடு, ரெகுலேட்டர் எல்லாம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். கெப்பாசிட்டர் 105 பாகை என்று எழுதியதாகக் கேளுங்கள். 85 பாகை வகையைவிட, அதே சூட்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் தாங்கும். வெயிலில் கொதிக்கும் படகுக்கு அது தேவை.

எதைத் தொடவே கூடாது?

ராடார் பெட்டி. பழைய வகையில், அலையை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகும்; அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். 230 வோல்ட் தரும் இன்வெர்ட்டர், பழகாத கைக்கு வேண்டாம். வீங்கிய லித்தியம் பெட்டரி, யாருக்குமே வேண்டாம். ஆபத்தில் செய்மதிக்குக் குரல் கொடுக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் இபர்ப் கருவியைத் திறக்காதீர்கள், "வேலை செய்யுதா" என்று உசுப்பியும் பார்க்காதீர்கள். அது எழுப்பும் அழைப்புக்கு உண்மையான மீட்புக் குழு கிளம்பும். அதிலுள்ள சுயசோதனைப் பொத்தான் மட்டும் போதும், பெட்டரி மாற்ற அனுமதி பெற்ற நிலையம் இருக்கிறது.

எல்லாம் அளந்தாயிற்று, குற்றம் பெட்டிக்குள்தான். எப்படி அனுப்புவது?

கழற்றும் முன்பு ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று போனில் படம் எடுங்கள், வயருக்கு டேப் ஒட்டி எண் போடுங்கள். பிளக்கோடு ஒரு முழம் வயரையும், பியூஸ் பிடியையும் சேர்த்தே அனுப்புங்கள். பல நேரம் நோய் அந்த ஒரு முழத்தில்தான் இருக்கும். ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள்: பெட்டரியில் எத்தனை வோல்ட், சுமையில் பிளக்கில் எத்தனை, எப்போது நின்றது, அதற்கு முன்பு என்ன நடந்தது, மழையா, மின்னலா, புதிய சோலார் மாட்டினார்களா. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுங்கள்.

திருத்தித் திரும்பி வந்ததும், மாட்டிய அன்றே சுமையில் மறுபடி அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் படகின் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை நின்றால் எனக்கு முதலில் சொல்ல வேண்டியது அந்த இரண்டு எண்களைத்தான்: அன்று எத்தனை, இன்று எத்தனை.